பழைய காரில் பேட்டரி, சார்ஜிங் தொல்லைகள்: கேள்வி பதில்

கேள்வி: பதினைந்து வருடக் கார். பேட்டரி மாற்றி நாலு மாதம்தான் ஆகிறது. இரண்டு நாள் ஓட்டாமல் விட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. மறுபடியும் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரியை முழுதாக சார்ஜ் ஏற்றி, ராத்திரி முழுக்க நிறுத்தியபின் அதன் இரு முனைகளிலும் வோல்ட்டைப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான் மிச்சம். அடுத்து இன்ஜினை ஓடவிட்டு அதே முனைகளில் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் சரி, நிற்கும் நேரத்தில் கரண்ட் எங்கோ ஒழுகுகிறது.

ஒழுக்கைப் பிடிக்க, சாவியை எடுத்துவிட்டு மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி இணையுங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும், ஜாக்கிரதை. அரை மணி நேரம் கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதிகமானால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் எண் சரிகிறதோ, கோளாறு அந்த லைனில். என் வண்டியில் இப்படித் தேடியபோது டிக்கி விளக்கில் போய் நின்றது. மூடியபின்னும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. திறந்தவுடன் பல்பைத் தொட்டேன், விரல் சுட்டது! சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எந்த ஃபியூஸுக்கும் எண் இறங்காவிட்டால் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள், கரண்ட் பின்னால் திரும்பாமல் தடுக்கும் டயோடு அதனுள் போயிருக்கலாம். அதைத் தொடும் முன் பேட்டரியின் மைனஸ் முழுதாகக் கழன்றிருக்கட்டும்.

கேள்வி: பேட்டரி நல்லது என்று கடையில் சொன்னார்கள். ஆனாலும் செல்ஃப் அடித்தால் டக் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. டெர்மினலைத் தட்டினால் சில சமயம் எடுக்கிறது.

பதில்: தட்டினால் எடுக்கிறது என்றாலே டெர்மினல்மேல்தான் சந்தேகம். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சோடா உப்பு கலந்த தண்ணீரில் கழுவி, முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். அதன் பிறகும் தொல்லை என்றால் எர்த்தை, அதாவது பேட்டரி மைனஸை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் கேபிளைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி மைனஸிலும் மற்றதை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிள் போய்விட்டது. பழைய வண்டியில் பாதித் தொல்லை இந்தக் கேபிளில்தான் என்பது என் அனுபவம். யாரும் அதைக் குனிந்து பார்ப்பதில்லை.

கேள்வி: சாவி போட்டால் சிவப்பு பேட்டரி விளக்கு எரிவதே இல்லை. நல்லதுதானே?

பதில்: இல்லை. இன்ஜின் ஓடும் முன் அது எரிய வேண்டும். பல பழைய வண்டிகளில் அந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. பல்பு போனால் சார்ஜும் ஏறாமல் போகலாம்.

கேள்வி: ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கலாமா? ஒரு பெரியவர் சொன்னார்.

பதில்: அவர் காலத்து டைனமோவுக்கு அது சரி. இப்போது செய்தால் வோல்டேஜ் எகிறி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவே போகலாம்.

கேள்வி: ஹெட்லைட்டின் 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 20 போட்டுவிட்டேன், இப்போது போவதில்லை.

பதில்: இனி ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். இன்றைக்கே 10-ஐத் திரும்பப் போட்டுவிட்டு, ஹெட்லைட் வயர் பாடியில் எங்கே உரசித் தேய்ந்திருக்கிறது என்று தேடுங்கள்.