நீர்த்தாரை எதைத் தள்ளுகிறது?

அன்புள்ள ஐயா,
கோவாவில் வாட்டர் ஸ்கூட்டர் ஓட்டினேன். அடியில் புரொப்பெல்லர் இல்லை. பின்னால் பீய்ச்சும் தண்ணீரும் பாதி காற்றில்தான் போகிறது. கடலைத் தள்ளாமல் வண்டி எப்படி முன்னே போகிறது? குழாய்வாயை நீருக்குள் இறக்கினால் வேகம் கூடுமா?
வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து முற்றத்துக்குள் ஒரு ஹோஸைத் தொங்கவிட்டேன். நுனியில் ஓர் எல்போ, அதாவது முழங்கைபோல் வளைந்த குழாய்த்துண்டு. வால்வைத் திறந்ததும் தண்ணீர் கிழக்கே பாய்ந்தது; ஹோஸ் மேற்கே ஒரு சாண் விலகி, சாய்ந்தபடியே நின்றது. தாரைக்குக் குறுக்கே இரண்டடி தள்ளிப் பேரனைப் பலகை பிடிக்கச் சொன்னேன். பலகை அதிர்ந்தது, பட்டாலைத் தூண் வரை தெறித்தது. ஹோஸின் சாய்வு மட்டும் மாறவில்லை. பலகையை எடுத்த பிறகும் அதே சாய்வுதான்.

தள்ளல் நடப்பது எல்போவுக்குள். இறங்கிவரும் தண்ணீரை அது கிழக்கே திருப்பிவிடுகிறது. தண்ணீர் அதை மேற்கே தள்ளுகிறது. வெளியேறிய தண்ணீர் எதில் மோதினால் என்ன?

படகிலும் இதே கதைதான். அடிப்பக்கச் சல்லடை வழியாக நீர் உள்ளே வருகிறது. எஞ்சின் சுழற்றும் இம்பெல்லர் (பம்புக்குள் இருக்கும் இறக்கைச் சக்கரம்) அதற்கு அழுத்தம் கொடுக்கிறது, அசையாத தகடுகள் அதன் சுழற்சியை நேராக்குகின்றன, குறுகிய நாசில், அதாவது நீங்கள் சொன்ன குழாய்வாய், அழுத்தத்தை வேகமாக்குகிறது. நீரை இப்படி முடுக்கும்போது கிடைக்கும் எதிர்விசைதான் பம்பு வழியாகப் படகை நகர்த்துகிறது.

ஒரு கணக்கு. படகு நொடிக்கு 10 மீட்டர் போகிறது. படகிலிருந்து பார்த்தால் தண்ணீரும் அதே 10 மீட்டர் வேகத்தில் உள்ளே வருகிறது. நொடிக்கு 50 கிலோ தண்ணீரை உள்ளிழுத்து, படகைப் பொறுத்து 20 மீட்டர் வேகத்தில் வெளியே விடுகிறது. கூடிய வேகம் 10. ஆக 500 நியூட்டன் விசை, ஏறக்குறைய 50 கிலோ அரிசி மூட்டையின் எடை. அதே விசையை 25 கிலோ தண்ணீரில் எடுக்கத் தாரை வேகம் 30 ஆக வேண்டும். முதல் வகையில், நீருக்குக் கொடுத்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு படகுக்குச் சேரும்; இரண்டாவதில் பாதிதான். நாசிலைக் குறுக்கிக்கொண்டே போவதில் லாபமில்லை. மெதுவாகப் போகும் படகுக்கு, நிறைய நீரை மெதுவாகத் தள்ளும் புரொப்பெல்லரே மேல் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

உங்கள் இரண்டாம் கேள்வியை நியூசிலாந்தின் பில் ஹாமில்டன் 1950களிலேயே செய்து பார்த்துவிட்டார். ஆழமில்லாத கூழாங்கல் ஆறுகளில் ஓட்ட அவருக்குப் படகு வேண்டியிருந்தது. முதலில் தாரையைப் படகுக்கு அடியில் விட்டார். அப்புறம் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கினார்; வேகம் கூடியது. அடியில் நீட்டிக்கொண்டு நீரில் இழுபட எதுவும் மிச்சமில்லை அல்லவா? 1960இல் அவருடைய படகுகள் கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றையே எதிர்த்து ஏறின.

நம் கண்மாய்களும் ஆழமில்லாதவைதான். ஆனால் ஆகாயத்தாமரை சல்லடையை அடைத்தால் பம்புக்கு நீரில்லை, படகுக்கு விசையில்லை.

இன்னொன்று, இதை அவசியம் நினைவில் வையுங்கள். வாட்டர் ஸ்கூட்டரைத் திருப்புவதும் அந்தத் தாரைதான். நாசில் இடம் வலம் திரும்புகிறது, அவ்வளவுதான். எதிரே ஆள் வந்ததும் பயந்து த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டும் விசையை) முழுதாக விட்டுவிட்டால் தாரை நின்றுவிடும். கைப்பிடியை எவ்வளவு ஒடித்தாலும் பெரும்பாலும் வண்டி நேராகவே போகும். கொஞ்சம் த்ராட்டில் கொடுத்தபடி திருப்புங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து