தனியார் பல்கலைக்கழகத்தில் பி.ஆர்.ஓ.வுக்கு என்ன வேலை?

"தனியார் பல்கலைக்கழகங்களில் மக்கள் தொடர்புத் துறை என்னதான் செய்கிறது? விளம்பரப் பிரிவுக்கு இன்னொரு பெயர்தானா? அந்த வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சொந்த ஊர் ஆந்திரப் பக்கம் நகரி, திருத்தணியைத் தாண்டினால் எங்கள் ஊர்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ஆந்திராவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இந்த வேலையில்தான் இருந்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

பட்டமளிப்பு விழா, பத்திரிகைச் செய்தி, வருகிற விருந்தினரைக் கவனிப்பது, முன்னாள் மாணவர் கூட்டம் எல்லாம் உண்டு. அவற்றை யாரும் ஆறு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். வேலையின் உயிர் பெற்றோரோடு பேசுவதில்தான் இருக்கிறது.

எங்கள் எல்லைப் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய வேலை என்று பாருங்கள். நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அப்பா அம்மாவுக்குத் தமிழ் படிக்க வரும். பிள்ளைக்குத் தெலுங்குதான் படிக்க வரும். பிரோஷரோ இங்கிலீஷில் இருக்கும். தமிழ்நாட்டு அரசு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் போகலாம் என்றால், எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வெளி மாநிலத்தில் படித்த பிள்ளை தமிழ்நாட்டுப் பிறப்பிடச் சான்று காட்ட வேண்டும். தலைமுறையாக இந்தப் பக்கம் இருப்பவர் அதற்கு எங்கே போவார்? அந்த இடத்தில்தான் ஏஜென்ட் நுழைகிறார். ஆந்திராவில் தனியார் பல்கலைக்கழகங்களிலும் 35 சதவீத இடங்கள் கன்வீனர் கோட்டாவில், அதாவது அரசு கவுன்சலிங் வழியாக, நிரம்புகின்றன. அந்த இடத்தில் கமிஷன் கிடையாது, அதனால் ஏஜென்ட் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். சொல்ல வேண்டியவர் பி.ஆர்.ஓ.தான். சொன்னால் மேனேஜ்மென்ட் சீட் ஒன்று குறையுமே என்று மேலிடத்தில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். தகுதியுள்ள பிள்ளைக்கு அரசு தருகிற இடத்தை மறைப்பது பாவம்.

ஏகாம்பரகுப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர், மகனுக்கு சீட் விசாரிக்க வந்தார். பிரோஷரை மடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அதிகபட்ச பேக்கேஜ். அதன் மேல் விரலை வைத்து, "சார், இந்தச் சம்பளம் படிச்சு முடிக்கிற எல்லாப் பசங்களுக்கும் வருமா?" என்று கேட்டார்.

மத்திய அரசு வெளியிடுகிற என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்வி நிறுவனங்கள் கொடுக்கிற விவரம் பிடிஎஃப்பாக வெளியில் கிடைக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, அவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்று வரிசையாக இருக்கும். அதை என் போனில் திறந்து காட்டினேன். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்கிற பையன் வாங்குவது இது என்றேன்.

"அப்போ பாதிப் பசங்க இதுக்கும் கீழயா?"

"ஆமாண்ணா."

கொஞ்ச நேரம் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பீஸ், ஹாஸ்டல், வங்கிக் கடன் எல்லாம் கேட்டு, அடுத்த வாரம் மகனைக் கூட்டி வந்து சேர்த்தார். கணக்கு தெரிந்து சேர்த்தார். அப்படிச் சேர்ந்த குடும்பம் நான்கு வருஷமும் நம்மை நம்பும்.

வெளியே சொல்வது பாதி வேலை. வெளியே கேட்டதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதி, அதுதான் கடினம். கவுன்சலிங்கில் வேறு இடம் கிடைத்த பிள்ளை விலக வருவான். கட்டிய பணத்தையும் ஒரிஜினல் சான்றிதழ்களையும் கேட்பான். கணக்குப் பிரிவில் இன்று நாளை என்று இழுப்பார்கள். ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018லேயே அறிவிக்கை போட்டிருக்கிறது. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவருக்கு முழுக் கட்டணமும் திருப்பித் தர வேண்டும் என்றது. தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போகிற பி.ஆர்.ஓ. நிர்வாகத்துக்கு எதிரி இல்லை. திரும்பிப் போகிற பிள்ளை ஊரில் என்ன சொல்வான் என்று தெரிந்தவர், அவ்வளவுதான்.

நிர்வாகம் ஏன் விளம்பரத்தின் பக்கமே இழுக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2016இல் முதல் பட்டியல் வந்த நாளிலிருந்து என்.ஐ.ஆர்.எஃப்.பில் 'மதிப்பீட்டுப் பார்வை' என்று, அதாவது மற்றவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு, 10 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பத்தைப் படம் காட்டியே வாங்கிவிடலாம் என்ற ஆசை. ஆனால் 2025 பிப்ரவரியில் ஆந்திராவிலேயே ஒரு கல்வி நிறுவனத்துக்கு உயர்ந்த நாக் கிரேடு (கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடுகிற 'நாக்' அமைப்பு தருவது) தர லஞ்சம் என்ற புகாரில், ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. சம்பந்தமே இல்லாத எங்கள் மேசைக்கும் போன் வந்தது: "உங்க கிரேடு நிஜமா சார்?" பேனர் எத்தனை வைத்திருந்தாலும் அந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லாது. அதற்கு முன்பே நாம் பெற்றோரிடம் எப்படிப் பேசியிருக்கிறோம் என்பதை வைத்துத்தான் நம்புவார்கள்.

வேலைக்குப் போகலாமா? தாராளமாகப் போங்கள். எல்லைப் பக்கம் என்றால் தமிழ் பேசவும் தெலுங்கு படிக்கவும் தெரிந்த ஆளுக்கு நல்ல தேவை இருக்கிறது. இண்டர்வியூவில் சம்பளத்துக்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "நான் யாருக்குக் கீழே?" பதிவாளருக்கோ துணைவேந்தருக்கோ கீழே என்றால் உங்கள் பேச்சு உள்ளே ஏறும். அட்மிஷன் டைரக்டருக்குக் கீழே என்றால், மாதம் எத்தனை சீட் என்று டார்கெட் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.