பதில்: இரண்டு வேளை துலக்கியும் கடைவாய்ப்பல்லில் கருப்புக் கோடு

வணக்கம் சகோதரி. ஏழு வயதுப் பையன் இரண்டு வேளையும் துலக்குகிறான், சாக்லேட்டும் அதிகம் தின்பதில்லை, ஆனாலும் கீழ்க் கடைவாய்ப்பல்லில் கருப்புக் கோடு, "பால் பல்தானே, விழுந்துடும்" என்று மாமியார் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள்.

முதலில் அது பால் பல்தானா என்று பாருங்கள். ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். என் மகளுக்கு அது வந்ததே எனக்குத் தெரியாது! பால் பல்லாகவே இருந்தாலும், கடைவாய்ப் பால் பற்கள் விழ 10, 12 வயதாகும். அதுவரை சொத்தையோடு விட முடியாது.

சாக்லேட்டை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகளுக்கு பிஸ்கட்டும் ஒன்றுதான், சர்க்கரை போட்ட பாலும் ஒன்றுதான். எல்லாவற்றையும் பல்லை அரிக்கும் அமிலமாக்கிவிடும். அதை எச்சில் சரிசெய்ய அரை மணி நேரமாவது வேண்டும். பள்ளி வேனில் வரும்போது இரண்டு பிஸ்கட், வீட்டுக்கு வந்ததும் இரண்டு என்று கொறித்துக்கொண்டே இருந்தால் எச்சில் என்ன செய்யும்? பிஸ்கட் தின்ற பிறகு அவன் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள், பல்லின் பள்ளத்தில் மாவு அப்பியிருக்கும்.

இரவில் மட்டும் நீங்களே துலக்கிவிடுங்கள். பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். நுரையைத் துப்பட்டும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். அப்புறம் பால் கூடாது.

இந்த வாரமே பல் டாக்டரிடம் காட்டுங்கள். சொத்தைக் குழி விழாமலிருந்தால் பல்லின் பள்ளத்தை சீலன்ட் என்ற பூச்சு பூசி மூடிவிடுவார்கள். விழுந்திருந்தால் சின்னதாக இருக்கும்போதே அடைத்துவிடலாம்.