ட்ராவல் ட்ரெய்லரில் படிப்பதற்கென்று ஒரு விளக்கு: மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: கனடாவில் வசிக்கும் நாங்கள் காருக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் நடமாடும் வீடான ட்ராவல் ட்ரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கியுள்ளோம். கட்டிலின் தலைமாட்டில் விளக்கு இல்லாததால், ஒருவர் படிக்கக் கூரை விளக்கைப் போட்டால் மற்றவரின் தூக்கம் கெடுகிறது. கூரை விளக்குக்கு வரும் வயரிலிருந்தே 12 வோல்ட் விளக்கு ஒன்றை இணைத்துக்கொள்ளலாமா? அங்கே கறுப்பு, வெள்ளை என இரண்டு வயர்கள் மட்டுமே தெரிகின்றன.

பதில்: தாராளமாக இணைக்கலாம். 3 வாட் எல்.இ.டி. விளக்கு கால் ஆம்பியர் அளவே மின்னோட்டம் எடுக்கும். பழைய கூரை விளக்குகளில் உள்ள இழை பல்பு ஒன்றே ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் எடுக்கக்கூடியது என்பதால், இந்தக் கூடுதல் சுமை அந்த இணைப்புக்கு ஒரு பொருட்டே அல்ல.

கவனம் தேவைப்படுவது அந்தக் கறுப்பு, வெள்ளை வயர்களில்தான். கார் வயரிங்கில் பழகியவர்கள் கறுப்பை மைனஸ் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வட அமெரிக்க ட்ரெய்லர்களின் 12 வோல்ட் வயரிங்கில் பெரும்பாலும் கறுப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். போதாக்குறைக்கு, அதே ட்ரெய்லரில் ஓடும் 120 வோல்ட் வயரிங்கிலும் கறுப்பும் வெள்ளையும் உண்டு. அங்கே கறுப்பு உயிரைப் பறிக்கக்கூடிய லைன். ஆகவே நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள். முதலில் ஏசி அளவில் வைத்துப் பாருங்கள். 120-ஐ ஒட்டிய எண் வந்தால் அந்த வயரை விட்டுவிட வேண்டும். பிறகு டிசி அளவுக்கு மாற்றி, சிவப்பு முனையைக் கறுப்பு வயரிலும் கறுப்பு முனையை வெள்ளை வயரிலும் வையுங்கள். மைனஸ் குறியின்றி 12 முதல் 14 வோல்ட் வரை காட்டினால் கறுப்புதான் பிளஸ். இழை பல்பு எப்படி மாட்டினாலும் எரியும், எல்.இ.டி. அப்படியன்று.

மீட்டர் கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்ததும் அந்த வயரில் மின்சாரம் நின்றுவிட்டால், புதிய விளக்கும் அந்தச் சுவிட்சுக்குக் கட்டுப்பட்டதாகிவிடும். கூரை விளக்கைப் போடாமல் படிக்க முடியாது. சுவிட்ச் விளக்கிலேயே இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. குளிர்பெட்டி, ஹீட்டர், எரிவாயுக் கசிவை உணர்த்தும் அலாரம் ஆகியவற்றின் வயர்களில் கை வைக்க வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முன் வெளி மின் இணைப்பைப் பிடுங்குவது மட்டும் போதாது. பேட்டரியின் மைனஸ் முனையையும், சோலார் தகடு இருந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும். 12 வோல்ட்டில் இயங்கும் அலாரங்களும் அப்போது செயலிழந்திருக்கும் என்பதால், பேட்டரியை மீண்டும் இணைக்கும்வரை உள்ளே சமைக்கவோ உறங்கவோ கூடாது.

பலர் விட்டுவிடுவது ஃபியூஸை. ட்ரெய்லரின் ஃபியூஸ் பெட்டியில் உள்ள 15 ஆம்பியர் ஃபியூஸ் தடிமனான 14 கேஜ் வயரைக் காப்பதற்கானது. நீங்கள் இழுக்கப்போகும் மெல்லிய 18 கேஜ் வயர் எங்கேனும் உரசித் தேய்ந்து அரைகுறையாக ஷார்ட் ஆனால், அந்த ஃபியூஸ் போகும் முன்னரே வயர் சூடேறிப் பக்கத்து மரத்தைக் கருக்கிவிடக்கூடும். எனவே கிளை பிரியும் இடத்துக்கு மிக அருகில், பிளஸ் வயரில், 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை உறையுடன் சேருங்கள். இணைப்புகளுக்குப் பல இழை கொண்ட செப்பு வயரும், கிரிம்ப் செய்து (இடுக்கியால் நசுக்கி இறுக்கி) சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறையுள்ள கனெக்டர்களும் ஏற்றவை. முறுக்கி மாட்டும் மூடிகள் சாலை அதிர்வில் தளர்ந்துபோகும்.

வயரைச் சுவருக்குள் நுழைக்க முயல்வது பெரும்பாலும் வீண் உழைப்பு; நுரைப் பலகையை ஒட்டிச் செய்த சுவர்களில் அதற்கு வழியே கிடையாது. கட்டிலுக்கு மேலே அலமாரி இருந்தால் வயரை அதனுள் மூலையோரமாகக் கொண்டுவந்து, அடிப்பலகையில் துளையிட்டு, துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் பொருத்தி இறக்குவதே என் விருப்பம். விளக்கை அந்த அடிப்பலகையிலேயே பொருத்திவிடலாம். சுவரில்தான் பொருத்த வேண்டுமென்றால் முக்கால் அங்குலத்துக்கு மேற்படாத திருகாணி போதும். நீளமானது உள்ளே ஓடும் வயரையோ வெளித் தகட்டையோ துளைத்துவிடலாம்.

விளக்கு வாங்கும்போது, 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். 120 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்யும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டுவதுண்டு. சரியாக 12 வோல்ட்டுக்கென்றே செய்த மலிவான எல்.இ.டி.கள் அதில்தான் சீக்கிரம் போய்விடுகின்றன. ஒளி 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் சாயலும், கழுத்து திருப்பக்கூடிய குறுகிய கற்றையும் கொண்டதாக இருந்தால் பக்கத்தில் உறங்குபவருக்குத் தொந்தரவு இராது.