மழைத்துளியும் மண்பொருக்கும்: திருகோணமலைச் செய்கையாளரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (கந்தளாய்): மார்கழியில் நாள் முழுதும் தூறியபோது ஒன்றும் ஆகாத என் மேட்டுக்காணி, ஐப்பசியில் ஒரு மணிநேரம் பெய்த இடிமழையில் அரிபட்டுப் போனது ஏன்?

பதில்: மழையின் மொத்த அளவைவிடத் துளியின் பருமனும் அது விழும் வேகமுமே மண்ணை அதிகம் உடைக்கின்றன. அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள தூறல் துளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் வேகத்திலும், 5 மில்லிமீற்றர் துளி ஏறத்தாழ 9 மீற்றர் வேகத்திலும் விழுகின்றன. நிறையையும் சேர்த்துக் கணக்கிட்டால், பெருந்துளியின் இயக்கசக்தி தூறல் துளியினதைப்போல் சுமார் 20,000 மடங்காகும். அத்துடன் ஐப்பசி மழை, கோடையில் காய்ந்து உழுது வெறுமையாகக் கிடக்கும் நிலத்தின்மீது விழுகிறது. மார்கழியில் பயிரின் இலைகள் மண்ணை மறைத்திருக்கும். ஆயினும் மண் நிறைய நீர் குடித்தபின் மெல்லிய மழையும் வழிந்தோடும்.

கேள்வி (மூதூர்): கச்சான் விதைத்த மூன்றாம் நாள் பெருமழை, பின் கடும் வெயில். பாதி முளைக்கவில்லை. விதை பழுதா, ஐயா?

பதில்: விதையைக் குறை கூறமுன், முளைக்காத இடத்தில் மேல்மண்ணை விரலால் பெயர்த்துப் பாருங்கள். தகடுபோலப் பெயரும் பொருக்கின்கீழ் முளை வளைந்து தடித்துக் கிடந்தால் விதையில் குற்றமில்லை. துளியின் மோதலால் மண்கட்டிகள் உடைகின்றன. காய்ந்த கட்டி திடீரென நனையும்போது உள்ளே அகப்பட்ட காற்றும் அதனைச் சிதறடிக்கிறது. பிரிந்த களியும் அடையலும் மண்துளைகளை அடைத்து, வெயிலில் சில மில்லிமீற்றர் தடிப்பில் இறுகிவிடுகின்றன. அடுத்த மழை உள்ளே இறங்க வழியின்றிச் சரிவில் ஓடி மண்ணையும் அள்ளிச் செல்வது இதனால்தான். எஞ்சிய முளைகள் வெளிவரும்வரை மெல்லிய நீர்த்தெளிப்பால் பொருக்கை ஈரமாக வைத்திருங்கள். எங்கள் செங்கபில மண் காய்ந்தால் கல்லாகும், தாமதிக்க வேண்டாம்.

கேள்வி (நிலாவெளி): மணற்காணிக்கும் இந்தப் பயம் உண்டா?

பதில்: பருமணலில் பொருக்கு அரிது. நீர் ஒன்றுசேர்ந்து ஓடும் இடங்களை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): என் மேட்டுக்காணியை இருமுறை மாவாக உழுதேன், பக்கத்துக் காணிக்காரர் கட்டியாகவே விட்டார். அவருடைய நிலம் அரிபடவில்லையே?

பதில்: கட்டிகளுக்கிடையிலுள்ள குழிகள் நீரைத் தேக்கி, உள்ளிறங்க நேரம் கொடுக்கின்றன. ஆனால் ஒவ்வொரு மழையும் கட்டிகளைக் கரைத்து நிலத்தை மட்டமாக்குவதால், அந்தப் பாதுகாப்பு முதற்சில மழைகளுக்கே போதும். நெல்லிக்காயளவு காய்ந்த மண்கட்டியைக் குவளை நீரில் மெதுவாக இடுங்கள்: சில நிமிடங்களில் கரைந்து சரிந்தால், உங்கள் மண்ணுக்குச் சேதனப் பசளை போதவில்லை என்று கொள்ளலாம். சிறுபோக அறுவடை முடிந்து வைக்கோலை எரிப்பதைக் காணும்போது மனம் நோகிறது. அதையே ஐப்பசிக்கு முன் மேட்டுக்காணிக்குக் கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்காக விதைத்த வரிசைகளுக்கிடையே பரப்புங்கள். முளை வரும் இடத்தை மட்டும் திறந்துவிடுங்கள்.