83 மி.மீ. எப்படி வந்தது?

வணக்கம். புவியோட்டின் பெரும் பாறைத் தட்டுகள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று கணிக்கும் நூவெல்-1ஏ மாதிரியின்படி, கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் பசிபிக் தட்டு வட அமெரிக்கத் தட்டைச் சார்ந்து ஆண்டுக்கு 83 மி.மீ. நகர்வதாக உங்கள் கணக்கில் வருவதாகவும், நூல்கள் சொல்வதைவிட இது மிக அதிகம் என்றும் எழுதியிருந்தீர்கள். தரவில் குறையில்லை, ஒரு சைன் விடுபட்டிருக்கிறது.

தட்டு நேர்கோட்டில் நகர்வதில்லை, கோளத்தின் மேல் ஓர் அச்சைச் சுற்றிச் சுழல்கிறது என்பதால், அந்த அச்சு புவிப்பரப்பைத் தொடும் புள்ளியான சுழற்சி முனையில் வேகம் சுழியமாகவும் அங்கிருந்து 90° தள்ளி உச்சமாகவும் இருக்கும். மாதிரி தரும் சுழற்சி வேகமான பத்து லட்சம் ஆண்டுக்கு 0.75° என்பதை ரேடியனாக்கி, 6371 கி.மீ. ஆரத்தால் பெருக்கி நீங்கள் பெற்ற 83 அந்த உச்ச மதிப்புதான். முனை 48.7° வடக்கு, 78.2° மேற்கில் இருக்கிறது. பார்க்ஃபீல்ட் அதிலிருந்து ஏறத்தாழ 33° கோணத் தொலைவில் உள்ளது. அதன் சைன் 0.55, பெருக்கினால் சுமார் 46 மி.மீ. கிடைக்கும்.

இரு தட்டுகளின் எல்லையில் பார்க்ஃபீல்ட் வழியே செல்லும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் மட்டும் அளந்தால் ஏறக்குறைய 35 மி.மீ.தான் தெரியும். அதையும் பிழையென்று எண்ணித் திருத்தப் போய்விடாதீர்கள்: மாதிரி தருவது கடற்தரைக் காந்தப் பட்டைகளிலிருந்து எடுத்த, ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுச் சராசரி, மேலும், இரு தட்டுகளுக்கும் இடையிலான மொத்த நகர்வில் ஒரு பங்கைப் பக்கத்துப் பிளவுகளும் ஏற்கின்றன.

மூன்றாவது தட்டொன்றைச் சேர்க்கும்போது முனைகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கூட்டாமல், கோணத் திசைவேகங்களை எக்ஸ், ஒய், இசட் கூறுகளாக்கிய பின்னரே கூட்டுங்கள்.