வலிக்காத நெறிக்கட்டு: எப்போது சோதிக்க வேண்டும்?

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது, கொழுந்து பறிக்கிறார். கழுத்தின் வலப் பக்கம் இரண்டு கட்டிகள் இரண்டு மாதமாக இருக்கின்றன. தோட்ட டிஸ்பென்சரியில் இரண்டு தடவை மாத்திரை கொடுத்தும் கரையவில்லை. “வலிக்காட்டி ஒன்னுமில்ல, ஆஸ்பத்திரிக்குப் போனா பேர் (ஒரு நாள் சம்பளம்) போயிரும்” என்கிறார். விட்டுவிடலாமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: விட வேண்டாம், மகளே. தொண்டைப் புண்ணோ பல் சீழோ வந்தால் நெறி, அதாவது நிணநீர்ச் சுரப்பி, சட்டென்று வீங்கும். அதன் மேலுறை இழுபடுவதால் வலிக்கும். அப்படிப்பட்டது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும். வலியில்லாமல், நான்கு வாரத்துக்கு மேல் அப்படியே நிற்பதைத்தான் சோதிக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. மூன்றாவது தடவையும் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாதீர்கள்.

முதலில் நினைக்க வேண்டியது காசநோய். இருமல் இல்லாமல், நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக இருக்கும்போதே கழுத்து நெறியில் மட்டும் அது வரலாம். கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மேல்தோல் சுடாது. நாளாக நாளாக நடுவில் இளகி, தோல் ஊதா நிறமாகி உடையும். இளகியதைக் கண்டு யாராவது கீறிச் சீழ் எடுக்க வந்தால் சம்மதிக்காதீர்கள். அந்த வாய் மூடாமல் மாதக்கணக்கில் கசியும். சுண்ணாம்புப் பற்றும் வேண்டாம். தோல் வெந்து போனால் டொக்டர் தொட்டுப் பார்ப்பதே சிரமம். நெறியில் மட்டும் உள்ள காசநோய் வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றாது. சாதாரணமாக 6 மாத மருந்தில் குணமாகும். மாவட்ட மார்பு சிகிச்சை நிலையத்தில் அது இலவசம்.

அடுத்தது, அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவரா? அப்படியானால் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், மூன்று விரலை நிறுத்தி நுழைக்க முடியாத அளவு வாய் சுருங்கியிருத்தல் – இவற்றில் ஒன்று இருந்தாலும் டொக்டரிடம் அதையே முதலில் சொல்லுங்கள். வாய்ப் புற்றுநோய் பரவும்போது கழுத்து நெறி கல்லாகி, அசையாமல் நிற்கும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். பெண்களையும் அது விடுவதில்லை.

டிஸ்பென்சரியில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டுக் கடிதம் வாங்கிக்கொண்டு, நுவரெலியா ஆஸ்பத்திரியிலோ கண்டி தேசிய வைத்தியசாலையிலோ சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டுங்கள். கொடுத்த மாத்திரைகளின் பெயரும் நாளும் எழுதிய தாளைக் கொண்டுபோங்கள். இரத்தச் சோதனையையும் எக்ஸ்ரேயையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள், இன்னொரு பேர் மிஞ்சும். பிறகு எப்.என்.ஏ.சி. செய்வார்கள். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுப்பது, சில நிமிட வேலை. ஊசி குத்தினால் நோய் பரவும் என்று லயத்தில் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அதில் ஒன்றும் தெரியாமல் கட்டி மட்டும் அப்படியே இருந்தால், விஷயம் முடிந்தது என்று எண்ணக் கூடாது. லிம்போமா என்ற நெறிப் புற்றுநோய் ஊசியில் தப்பிவிடுவதுண்டு. அப்போது முழு நெறியையும் எடுத்து பயொப்சி (ஆய்வுகூடச் சோதனை) செய்ய வேண்டும். எடுத்ததை முழுவதும் போர்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டால் கிருமி செத்துவிடும், பிறகு காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. அதனால் ஒரு துண்டைச் சேலைனில் (உப்பு நீரில்) அனுப்புவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். முடிவு வரும்வரை, டொக்டர் எழுதாமல் பிரட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்ட் மாத்திரை ஒன்றும் கொடுக்காதீர்கள். லிம்போமாவைக் கொஞ்ச நாள் சுருக்கி, சோதனையையும் அது குழப்பிவிடும்.

கேள்வி: 5 வயது மகனுக்குக் கழுத்தின் இரு பக்கமும் பட்டாணி அளவில் உருள்கிறது. நன்றாக ஓடி விளையாடுகிறான்.
– வாசகர், ஹட்டன்

பதில்: 1 சென்றிமீற்றருக்குள், விரலுக்கடியில் நழுவி ஓடினால் அந்த வயதில் அது சாதாரணம். பிடரியில் என்றால் தலையைப் பிரித்துப் பாருங்கள், பேனும் சொறிந்த பொருக்குமாக இருக்கும். தாடைக்குக் கீழ் என்றால் சொத்தைப் பல்லைப் பாருங்கள். தினமும் அமுக்கிப் பார்க்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதினால் போதும். 2 சென்றிமீற்றரைத் தாண்டினாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, பிள்ளை வெளிறினாலோ மெலிந்தாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் நீடித்தாலோ உடனே காட்டுங்கள். காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் தட்டுப்படுவது எந்த அளவாக இருந்தாலும் காட்ட வேண்டியதே. பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

கேள்வி: அட்டை கடித்த காலில் புண். இப்போது தொடை இடுக்கில் நெறி கட்டி வலிக்கிறது.
– வாசகர், பண்டாரவளை

பதில்: அட்டையைவிட, சொறிந்த நகம்தான் பெரும்பாலும் காரணம். சவர்க்காரம் போட்டுக் கழுவி உலர வையுங்கள். புண் ஆறினால் நெறியும் வடியும். காலில் சிவப்புக் கோடு மேலேறினாலோ, நடுங்கிக் காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடுமையான தலைவலியும் காய்ச்சலும் இருக்கும்போது, உடம்பில் எங்காவது சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு தெரிந்தால் அது அட்டைக் கடி அல்ல, நுண்ணிய உண்ணிப்பூச்சி கடித்ததாக இருக்கலாம். புதருக்குள் வேலை செய்ததை டொக்டரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் அந்தக் கடியால் வரும் காய்ச்சலுக்கான டொக்சிசைக்ளின் என்ற மருந்தைத் தொடங்க நினைப்பார். தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும்.